டொமைன் மாறித் திரும்பும்போது எப்போதாவது மட்டும் வரும் ஆக்செஸ் ஃபால்ட்

#1 கடைநிலைநிரலர்

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக ஒரே பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். விவரமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

4 ஹார்ட் (தனித்தனியாகக் கட்டளைகளை ஓட்டும் செயலிக் கரு) உள்ள 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் போர்டு. எம்-மோடில், அதாவது மிக உயர்ந்த உரிமைநிலையில், ஓடுகிற ஃபர்ம்வேரை நானே எழுதினேன். ஓப்பன்எஸ்பிஐ என்ற திறந்த மூல ஃபர்ம்வேரில் டொமைன் (தனக்கென்று நினைவகம் ஒதுக்கிய பிரிவு) என்று ஒரு கருத்து இருக்கிறதல்லவா, அதைப் பார்த்துத்தான் வடிவமைத்தேன். என்னிடம் இரண்டு டொமைன்கள். ஒன்றில் முழு இயங்குதளம், இன்னொன்றில் சாவிகளைக் காக்கும் ஒரு சின்ன கர்னல். இரண்டுமே எம்-மோடுக்குக் கீழே உள்ள எஸ்-மோடில், கர்னல்களுக்கான உரிமைநிலையில், ஓடுகின்றன. ஒன்றின் நினைவகத்தை மற்றது தொடாதபடி பிஎம்பி (பௌதிக நினைவகத்தைக் காக்கும் ஹார்ட்வேர்) தடுக்கிறது.

இயங்குதளம் ஈகால் (ஃபர்ம்வேரை அழைக்கும் கட்டளை) போட்டால் ஃபர்ம்வேர் செய்வது இது. முதலில் x1 முதல் x31 வரை எல்லா ரெஜிஸ்டர்களையும், கூடவே எம்இபிசி, எம்ஸ்டேட்டஸ் இரண்டையும் சேமிக்கிறேன். பிறகு எஸ்-மோட் ரெஜிஸ்டர்கள்: எஸ்ஸ்டேட்டஸ், எஸ்ஐஈ, எஸ்டிவெக், எஸ்ஸ்க்ராட்ச், எஸ்இபிசி, எஸ்காஸ், எஸ்டிவால், எஸ்ஏடிபி (பேஜ் டேபிளைக் காட்டுவது). இவற்றைச் சேமித்து மற்ற டொமைனின் மதிப்புகளை ஏற்றுகிறேன். பிறகு பிஎம்பி பதிவுகளை மாற்றி எழுதுகிறேன். கடைசியாக மற்ற டொமைனின் பொது ரெஜிஸ்டர்களை ஏற்றி எம்ரெட் (எம்-மோடிலிருந்து திரும்பும் கட்டளை). திரும்பி வரும்போது இதே வேலை எதிர்த்திசையில் நடக்கும்.

ஆயிரக்கணக்கான முறை ஒழுங்காகப் போய் வருகிறது. இயங்குதளத்தில் வேலைப்பளு கூடும்போது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை, திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் லோட் ஆக்செஸ் ஃபால்ட் வருகிறது. காரண எண் 5. எம்டிவாலில் (ஃபால்ட் தந்த முகவரி பதிவாகும் ரெஜிஸ்டர்) இருக்கும் முகவரியை இயங்குதளத்தின் பேஜ் டேபிளில் கையாலேயே நடந்து பார்த்தேன். அது காட்டுவது இயங்குதளத்துக்குச் சொந்தமான நினைவகம்தான். பிஎம்பி பதிவுகளையும் அந்த நொடியில் படித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கின்றன. பேஜ் டேபிள் சரி, பிஎம்பியும் சரி என்றால் ஃபால்ட் எங்கிருந்து வருகிறது?

இன்னொரு சின்ன விஷயம், தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. இயங்குதளத்தில் சில டைமர்கள் தாமதமாக அடிக்கின்றன.

#2 மூன்றாம்படி

காரணம் 13 வராமல் 5 வருகிறது என்பதே பெரிய துப்பு. 13 என்றால் பேஜ் ஃபால்ட், மொழிபெயர்ப்பே கிடைக்கவில்லை என்று பொருள். 5 என்றால் ஏதோ ஒரு பௌதிக முகவரி கிடைத்துவிட்டது, அதைத் தொட அனுமதி இல்லை.

இப்போது ஒரே கேள்வி. நீங்கள் கையால் நடந்து கண்டுபிடித்த பௌதிக முகவரியும், ஹார்ட்வேர் அந்த நேரத்தில் பயன்படுத்திய பௌதிக முகவரியும் ஒன்றுதானா? எம்டிவாலில் இருப்பது மெய்நிகர் முகவரி. ஹார்ட்வேர் அதை எதுவாக மொழிபெயர்த்தது என்பதை அது சொல்லாது.

எஸ்ஃபென்ஸ், அதாவது டிஎல்பியில் (மொழிபெயர்ப்புகளை நினைவில் வைத்திருக்கும் கேச்) உள்ள பழைய பதிவுகளைக் காலி செய்யும் கட்டளை, எங்கே போடுகிறீர்கள், எப்படிப் போடுகிறீர்கள்?

#3 கடைநிலைநிரலர்

எஸ்ஏடிபி எழுதிய உடனே போடுகிறேன். ஆனால் முழு டிஎல்பியையும் காலி செய்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் இயங்குதளம் மெதுவாகிவிடும் என்று, சின்ன கர்னலுக்குத் தனியாக ஒரு ஏஎஸ்ஐடி (முகவரி வெளியைக் குறிக்கும் எண்) ஒதுக்கிவிட்டேன். இயங்குதளம் அந்த எண்ணைப் பயன்படுத்தாதபடி கட்டமைத்திருக்கிறேன், அதை உறுதியும் செய்துகொண்டேன். அதனால் எஸ்ஃபென்ஸ் விஎம்ஏ-வில் முதல் இடத்தில் x0, இரண்டாவது இடத்தில் அந்த ஏஎஸ்ஐடி. சின்ன கர்னலின் பதிவுகள் மட்டும் போனால் போதும் அல்லவா?

#4 மூன்றாம்படி

போதாது. உங்கள் பிழை அங்கேதான் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்கிறேன்.

சின்ன கர்னலின் பேஜ் டேபிள் பதிவுகளில் ஜி பிட் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கர்னல் எழுதுபவர்கள் பழக்கத்தில் கர்னல் பக்கங்களுக்கு ஜி வைப்பார்கள். எல்லா முகவரி வெளிகளிலும் இந்தப் பக்கம் இப்படியேதான் இருக்கும் என்று ஹார்ட்வேருக்குக் கொடுக்கும் வாக்குறுதி அது. அப்படி டிஎல்பியில் ஏறிய பதிவு எந்த ஏஎஸ்ஐடிக்கும் பொருந்தும். ஒரே கர்னல் ஓடும் ஹார்ட்டில் அந்த வாக்குறுதி உண்மை. இரண்டு கர்னல்கள் மாறி மாறி ஓடும் ஹார்ட்டில் அது பொய்.

அடுத்தது எஸ்ஃபென்ஸ். இரண்டாவது இடத்தில் x0 தவிர வேறொரு ரெஜிஸ்டரைக் கொடுத்தால், ஜி பிட் உள்ள பதிவுகளை அது தொடவே தொடாது. விவரக்குறிப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆக, நீங்கள் ஒவ்வொரு முறை ஃபென்ஸ் போட்டபோதும், எந்தப் பதிவுகள் ஆபத்தானவையோ அவை மட்டும் அசையாமல் அங்கேயே இருந்திருக்கின்றன.

இப்போது கதையை முழுசாக ஓட்டிப் பாருங்கள். சின்ன கர்னல் ஓடும்போது உயர்பகுதி மெய்நிகர் முகவரி ஒன்று, ஜி பிட்டோடு, அதன் சொந்த நினைவகத்துக்கு டிஎல்பியில் ஏறுகிறது. இயங்குதளம் திரும்பி வருகிறது. அதே மெய்நிகர் முகவரியை அது வேறெதற்கோ பயன்படுத்துகிறது. டிஎல்பி பழைய பதிவையே கொடுக்கிறது. கிடைத்த பௌதிக முகவரி சாவி டொமைனுடையது, பிஎம்பி தடுக்கிறது, காரணம் 5. இரண்டு கர்னல்களின் முகவரிகளும் சில பக்கங்களில்தான் மோதும், அந்தப் பதிவும் அதுவரை டிஎல்பியில் தப்பிப் பிழைத்திருக்க வேண்டும். எப்போதாவது மட்டும் வருவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஃபால்ட் வந்தது நல்லதாகப் போயிற்று. உங்கள் செயலி மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு ஒவ்வொரு அணுகலுக்கும் பிஎம்பியைச் சரிபார்க்கிறது போலிருக்கிறது. பிஎம்பி முடிவையும் சேர்த்து டிஎல்பி பதிவுக்குள் வைத்துக்கொள்ளும் வடிவமைப்புகளுக்கும் விவரக்குறிப்பு இடம் தருகிறது. அப்படிப்பட்ட செயலியில் இதே ஃபர்ம்வேர் ஓடியிருந்தால் ஃபால்ட் வந்திருக்காது. இயங்குதளம் சத்தமில்லாமல் சாவி டொமைனின் நினைவகத்தைப் படித்திருக்கும்.

பிஎம்பி மாற்றி எழுதிய பிறகு, இரண்டு இடத்திலும் x0 வைத்து எஸ்ஃபென்ஸ் விஎம்ஏ போட வேண்டும் என்று விவரக்குறிப்பு நேரடியாகவே கேட்கிறது. பிஎம்பி எழுதி முடித்த பின், எம்ரெட்டுக்கு முன். மெதுவாகிறதா என்பதைப் பிறகு அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

#5 கடைநிலைநிரலர்

ஜி பிட் இருக்கிறது. எல்லாக் கர்னல் பக்கங்களிலும் இருக்கிறது. அது என் கண்ணில் படவே இல்லை. மாற்றிவிட்டு ஓடவிடுகிறேன்.

#6 பிட்_பார்வை

நான் ஆர்ம் பக்கம் வேலை செய்பவன். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு வாழ்க்கை எளிது, வேறொன்றில் கடினம். ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் தெளிவாகும் என்பதால் எழுதுகிறேன்.

ஆர்மில் டிஎல்பி பதிவு எந்த உலகத்துடையது, அதாவது செக்யூரா நான்-செக்யூரா என்பதை அந்தப் பதிவே சுமந்துகொண்டிருக்கும். பௌதிக முகவரி வெளியும் இரண்டாகப் பிரிந்திருப்பதால் கேச் வரிகளும் கலக்காது. எனவே உலகம் மாறும்போது டிஎல்பியைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆர்ம்வி9-இல் ஆர்எம்இ விரிவாக்கம் வந்த பிறகு ரியல்ம், ரூட் என்று இன்னும் இரண்டு வெளிகள் சேர்ந்தன. ஈஎல்3 என்பது உங்கள் எம்-மோட் போன்ற மிக உயர்ந்த நிலை, ஈஎல்1 கர்னல் நிலை. எஸ்சிஆர்_ஈஎல்3 ரெஜிஸ்டரில் என்எஸ், என்எஸ்ஈ என்ற இரண்டு பிட்டுகள் அடுத்து எந்த உலகம் என்பதைத் தீர்மானிக்கின்றன.

கடினமான பகுதி ரெஜிஸ்டர்கள். பழைய 32 பிட் டிரஸ்ட்ஸோனில் (ஆர்மின் இரண்டு உலக வசதி) எஸ்சிடிஎல்ஆர், டிடிபிஆர்0, விபிஏஆர் போன்றவற்றுக்கு உலகத்துக்கு ஒரு பிரதி ஹார்ட்வேரிலேயே இருந்தது. என்எஸ் பிட்டை மாற்றினால் மற்ற பிரதி தானாக வந்து நிற்கும். 64 பிட்டில் ஈஎல்3 வைத்து வடிவமைத்தபோது அந்த இரட்டைப் பிரதி போய்விட்டது. எஸ்சிடிஎல்ஆர்_ஈஎல்1, டிசிஆர்_ஈஎல்1, இரண்டு டிடிபிஆர்கள், எம்ஏஐஆர், விபிஏஆர், ஈஎல்ஆர், எஸ்பிஎஸ்ஆர், டிபிஐடிஆர்கள் என்று எல்லாவற்றையும் ஈஎல்3 ஃபர்ம்வேர் தானே கழற்றி மாட்ட வேண்டும்.

டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ என்ற ஈஎல்3 ஃபர்ம்வேர் இதைக் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கீழ்நிலை ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்பி_ஈஎல்3 என்ற ஸ்டாக் சுட்டி ஸ்டாக்கைக் காட்டாது, அந்தச் செயலிக்கான சூழல் கட்டமைப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். டிராப் (மேல்நிலைக்குத் தாவுதல்) வந்ததும் ஹார்ட்வேர் எஸ்பி_ஈஎல்3-ஐத் தேர்ந்தெடுக்கிறது. பொது ரெஜிஸ்டர்களை நேராக அந்தக் கட்டமைப்பில் கொட்டலாம், முகவரி தேடுவதற்கு ஒரு ரெஜிஸ்டரையும் பலி கொடுக்க வேண்டாம். பிறகு எஸ்பி_ஈஎல்0-க்கு மாறி, அதைத்தான் சி நிரலுக்கான ஸ்டாக்காக வைத்துக்கொள்கிறது. ரிஸ்க்-ஃபைவில் எம்ஸ்க்ராட்ச் ஒன்று மட்டும் இருப்பதால், அதைவைத்து ஒரு ரெஜிஸ்டரை மாற்றிக்கொண்டுதான் நீங்கள் தொடங்க முடியும்.

இன்னொரு நல்ல முடிவு: எஸ்எம்சி (எங்கள் பக்கத்து ஈகால்) வந்த உடனே ஈஎல்1 ரெஜிஸ்டர்களைச் சேமிப்பதில்லை. பல அழைப்புகள் ஈஎல்3-லேயே பதில் பெற்றுத் திரும்பிவிடும். உலகம் மாறுவது உறுதியான பிறகுதான் அந்த நீளமான பட்டியலைத் தொடுவார்கள்.

இனி எங்களுக்குப் பெரிய வலியைக் கொடுத்த விஷயம். ஈஎல்1 ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாக ஏற்றும்போது நடுவில் ஒரு கலவையான நிலை இருக்கும் அல்லவா? டிடிபிஆர் (பேஜ் டேபிள் முகவரி) புதியது, டிசிஆர் (மொழிபெயர்ப்பு அமைப்பு) பழையது. ஈஎல்3-இல் இருக்கும்போது இது யாருக்கும் தெரியக் கூடாது. ஆனால் கார்டெக்ஸ்-ஏ53, ஏ55, ஏ57, ஏ72, ஏ76 ஆகியவற்றில், ஊகமாக (தேவைப்படலாம் என்று முன்கூட்டியே) ஓடும் ஏடி (முகவரி மொழிபெயர்ப்பு) கட்டளை அந்தக் கலவை நிலையை வைத்து ஒரு தவறான மொழிபெயர்ப்பை டிஎல்பியில் ஏற்றிவிடலாம். ஏ72-க்கு இது எர்ராட்டா (அறிவிக்கப்பட்ட செயலிப் பிழை) 1319367, ஏ76-க்கு 1165522. தீர்வு வரிசையில்தான் இருக்கிறது. முதலில் டிசிஆர்_ஈஎல்1-இல் ஈபிடி0, ஈபிடி1 இரண்டையும் 1 ஆக்கி பேஜ் டேபிள் நடப்பதையே நிறுத்த வேண்டும். எஸ்சிடிஎல்ஆர்_ஈஎல்1-இல் எம் பிட்டையும் 1 ஆக்க வேண்டும். எம்எம்யு (மொழிபெயர்ப்பு ஹார்ட்வேர்) அணைந்திருந்தால் முகவரி அப்படியே பௌதிக முகவரியாகப் பதிவாகிவிடும் என்பதால்தான் இந்த இரண்டாவது படி. மற்ற எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, வெளியேறும் கடைசி நொடியில்தான் இந்த இரண்டின் உண்மையான மதிப்பையும் வைக்கிறார்கள்.

கடைநிலைநிரலர், நீங்கள் எஸ்ஏடிபியைப் புதிதாக எழுதிவிட்டு, பிஎம்பி இன்னும் பழையதாக இருக்கும் ஒரு இடைவெளியை விடுகிறீர்கள். அதே வகை ஆபத்து அங்கேயும் இருக்கலாம் அல்லவா?

#7 மூன்றாம்படி

நல்ல கேள்வி. ரிஸ்க்-ஃபைவ் விவரக்குறிப்பு இதற்கு ஒரு வரம்பு போட்டிருக்கிறது. செயல்படும் உரிமைநிலை எஸ் அல்லது யு (பயனர்) ஆக இருக்கும்போது மட்டும்தான் எஸ்ஏடிபி உயிரோடு இருப்பதாகக் கணக்கு. உயிரோடு இருக்கும்போதுதான் அந்த மதிப்பை வைத்துப் புதிதாக ஒரு மொழிபெயர்ப்பைத் தொடங்கலாம், ஊகமானதும் இதில் அடக்கம். எம்-மோடில் இருக்கும்வரை புதிய எஸ்ஏடிபியை வைத்து நடை தொடங்காது. எனவே அந்த இடைவெளி மட்டும் பிரச்சினை இல்லை.

ஆனால் எம்-மோடில் எம்பிஆர்வி பிட்டை வைத்து அழைத்தவரின் நினைவகத்தைப் படிக்கிறீர்கள் என்றால் அந்தக் கணக்கு மாறிவிடும். அப்போது செயல்படும் உரிமைநிலை எஸ். மாற்றத்தின் நடுவில் எம்பிஆர்வி வைத்த அணுகல் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

#8 நள்ளிரவுடிராப்

டைமர் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் எஸ்டைம்கம்ப் (எஸ்-மோட் டைமரின் கெடு ரெஜிஸ்டர்) இல்லை. போர்டில் அதைத் தரும் எஸ்எஸ்டிசி விரிவாக்கம் இருக்கிறதா?

இருந்தால் நடப்பது இது. இயங்குதளம் தன் அடுத்த கெடுவை எஸ்டைம்கம்பில் எழுதிவிட்டு ஈகால் போடுகிறது. சின்ன கர்னல் எழுந்து, தனக்கு டைமர் தேவையில்லை என்று மிகப் பெரிய எண்ணை அங்கே எழுதுகிறது, அல்லது தன் கெடுவை எழுதுகிறது. திரும்பி வந்த இயங்குதளத்தின் கெடு தொலைந்துவிட்டது. வேறு எதற்காவது அது மறுபடி எஸ்டைம்கம்பை எழுதும்வரை மணி அடிக்காது. நீங்கள் சொன்ன தாமதம் இதோடு அப்படியே பொருந்துகிறது.

சேமித்து ஏற்றினால் இழப்பு இல்லை. கெடு ஏற்கெனவே கடந்துபோயிருந்தாலும், ஏற்றியவுடன் நேரம் அதைவிடப் பெரிதாக இருப்பதால் குறுக்கீடு உடனே காத்திருப்பில் வந்து நிற்கும்.

அப்புறம் ஒரு கொள்கை முடிவு இருக்கிறது, அதை யோசிக்காமல் விடாதீர்கள். சின்ன கர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது இயங்குதளத்தின் கெடு வந்தால் என்ன செய்வது? எதுவும் செய்யாவிட்டால் சின்ன கர்னல் முடிக்கும்வரை அந்த ஹார்ட்டில் இயங்குதளம் முடங்கிக் கிடக்கும். வேலை சில மைக்ரோ நொடிகளில் முடிந்தால் பரவாயில்லை. ஆர்எஸ்ஏ சாவி உருவாக்குவது போன்ற வேலை என்றால் அதற்கென்று ஒரு வரம்பே கிடையாது. எம்டைம்கம்ப் எம்-மோடுக்குச் சொந்தமானது. வெளியே போன டொமைனின் கெடுவை அதில் எழுதிவைத்தால், அந்த நேரம் வந்ததும் ஃபர்ம்வேருக்கு டிராப் வரும். சின்ன கர்னலின் சூழலை அப்படியே நிறுத்திவிட்டு, "இன்னும் முடியவில்லை, மறுபடி கூப்பிடு" என்ற பதிலோடு இயங்குதளத்துக்குத் திரும்பலாம்.

ஆர்மில் இதற்கு அழைப்பு எண்ணிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். பிட் 31 ஒன்றாக இருந்தால் இடையில் நிறுத்தக் கூடாத வேகமான அழைப்பு, பூஜ்யமாக இருந்தால் இடைநிறுத்தலாம். இதுபோல ஒரு பாகுபாட்டை இப்போதே வைத்துவிடுங்கள். எல்லா அழைப்பும் இடைநிறுத்த முடியாதவை என்று பழகிய பிறகு மாற்றுவது மிகவும் கஷ்டம்.

#9 கடைநிலைநிரலர்

எஸ்எஸ்டிசி இருக்கிறது. எஸ்டைம்கம்பைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன், டைமர் தாமதம் நின்றுவிட்டது. நன்றி நள்ளிரவுடிராப். இடைநிறுத்தும் அழைப்பு அடுத்த கட்ட வேலை.

எஸ்ஃபென்ஸ் மாற்றிய பிறகு இரண்டு நாளாக ஃபால்ட் வரவில்லை. ஆனால் முன்பும் சில நேரம் ஒரு நாள் முழுக்க வராமல் இருந்திருக்கிறது, அதனால் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். சின்ன கர்னலை வேண்டுமென்றே இயங்குதளத்தின் முகவரிகளோடு மோதும்படி மாற்றி வைத்துப் பழைய ஃபர்ம்வேரை ஓட்டினேன். சில விநாடிகளிலேயே விழுந்தது. புதிய ஃபர்ம்வேர் அதே சோதனையில் இரவு முழுக்க நின்றது.

அடுத்த கேள்வி. சின்ன கர்னல் இப்போது மிதப்புப்புள்ளி ரெஜிஸ்டர்களைத் தொடுவதில்லை. நாளைக்கு வெக்டர் வைத்துக் குறியாக்கம் செய்யப் போகிறோம். அப்போது அவற்றையும் ஒவ்வொரு முறையும் சேமிக்க வேண்டுமா? எஃப்எஸ் புலத்தை (மிதப்புப்புள்ளியின் நிலையைக் காட்டும் பிட்டுகள்) அணைத்துவிட்டு, தேவைப்படும்போது டிராப் வாங்கிச் சேமிக்கலாம் என்று நினைக்கிறேன்.

#10 பிட்_பார்வை

எங்கள் பக்கம் அது முடியும். சிபிடிஆர்_ஈஎல்3-இல் டிஎஃப்பி பிட்டை வைத்தால், கீழ்நிலையில் யார் மிதப்புப்புள்ளியைத் தொட்டாலும் டிராப் ஈஎல்3-க்கு வரும். 32 ரெஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 128 பிட், மொத்தம் 512 பைட். எஸ்விஇ (ஆர்மின் வெக்டர் விரிவாக்கம்) முழு அகலத்தில் 2048 பிட் என்றால் இசட் ரெஜிஸ்டர்கள் மட்டுமே 8 கிலோபைட். சின்ன அழைப்புக்கெல்லாம் அதை நகர்த்த யாருக்கும் மனம் வராது.

#11 மூன்றாம்படி

கடைநிலைநிரலர், உங்கள் யோசனை ரிஸ்க்-ஃபைவில் பாதுகாப்பானது இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே தவறைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எஃப்எஸ் புலம் எம்ஸ்டேட்டஸில் இருக்கிறது, உண்மை. அதே புலம் எஸ்ஸ்டேட்டஸிலும் தெரிகிறது, எஸ்-மோட் அதை எழுதவும் முடியும். நீங்கள் அணைத்து அனுப்புகிறீர்கள். உள்ளே போன கர்னல் ஒரே கட்டளையில் அதை மறுபடி ஏற்றிவிட்டு, உள்ளே கிடக்கும் மற்ற டொமைனின் மதிப்புகளைப் படித்துவிடும். உங்களுக்கு டிராப்பே வராது. வெக்டருக்கான விஎஸ் புலமும் இப்படித்தான்.

பிட்_பார்வை சொன்ன டிஎஃப்பி வேறு. அது ஈஎல்3-இன் ரெஜிஸ்டரில் இருக்கிறது, கீழே இருப்பவரால் அதைத் தொட முடியாது. எஃப்எஸ் என்பது ஒரே கர்னலுக்குள் ப்ராசஸ்களைப் பிரிக்க வந்த வசதி, டொமைன்களைப் பிரிக்க வந்தது இல்லை.

ஆனால் பாதி மிச்சம் பிடிக்கலாம். வெளியே போகும் டொமைனின் எஃப்எஸ் மதிப்பு 3, அதாவது டர்ட்டி (மாற்றப்பட்டது) என்றால் மட்டும் சேமியுங்கள். அந்த டொமைன் பொய் சொல்லி வேறு மதிப்பு வைத்திருந்தால், அதன் சொந்த மதிப்புகள்தான் தொலையும், மற்றவருக்குக் கேடு இல்லை. உள்ளே வருபவருக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. ஒன்று அவருடைய பழைய மதிப்புகளை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பூஜ்யத்தை ஏற்றுங்கள். எது நடந்தாலும் முந்தையவரின் மதிப்பு அங்கே இருக்கக் கூடாது. உங்கள் சின்ன கர்னல் இப்போது மிதப்புப்புள்ளியைத் தொடுவதில்லை என்பது அதன் நல்ல குணம், அதை நம்பி எல்லையைக் கட்டாதீர்கள்.

ஹார்ட்வேர் டிராப்பை மட்டும் நம்பிச் சோம்பலாகச் சேமிப்பதிலும் ஆபத்து உண்டு. 2018-இல் இன்டெல் செயலிகளில் வெளிவந்த லேசி எஃப்பி குறைபாடு, சிவிஈ-2018-3665, இதுதான். டிராப் வருவதற்குள் ஊகமாக ஓடிய கட்டளைகள் பழைய ப்ராசஸின் மிதப்புப்புள்ளி மதிப்புகளைப் பார்த்துவிட்டன. அதற்குப் பிறகு இயங்குதளங்கள் ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் மாற்றும் முறைக்கே போய்விட்டன. சாவிகளைக் காக்கிற இடத்தில் 512 பைட்டுக்காக இந்த ஆபத்தை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

#12 பிட்_பார்வை

ஏற்றுக்கொள்கிறேன். டிஎஃப்பி கட்டமைப்புரீதியாகச் சரி என்றாலும் ஊகம் பற்றிய கேள்வி அங்கேயும் நிற்கிறது. ஈரெட் (ஆர்மின் எம்ரெட்) கட்டளைக்குப் பின்னால் இருக்கும் கட்டளைகளைக்கூடச் செயலி நேர்கோட்டில் ஊகமாக ஓட்டிவிடுகிறது என்று 2020-இல் தெரியவந்தது. டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ அதற்குப் பிறகு ஒவ்வொரு ஈரெட்டின் பின்னாலும் டிஎஸ்பி, ஐஎஸ்பி என்று இரண்டு தடுப்புகளை வைக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். திரும்பி வரும்போது எந்த ரெஜிஸ்டர்களில் பதில் தருகிறீர்கள்?

#13 கடைநிலைநிரலர்

ஏ0, ஏ1 என்ற பொது ரெஜிஸ்டர்கள் இரண்டிலும் வழக்கம்போல. சில அழைப்புகளுக்கு 32 பைட் வரை பதில் தேவை என்பதால் ஏ2 முதல் ஏ5 வரை சின்ன கர்னல் விட்டுச்சென்ற மதிப்புகளை அப்படியே விட்டுவிடுகிறேன். தேவையில்லாத அழைப்புகளில் இயங்குதளம் அவற்றைப் பார்க்காது.

#14 பிட்_பார்வை

அங்கே ஒரு கசிவு இருக்கிறது. பார்க்காது என்பது இயங்குதளத்தின் நல்லெண்ணம். 2 மதிப்புகள் மட்டும் தரும் அழைப்பில் ஏ2 முதல் ஏ5 வரை சின்ன கர்னலின் கணக்கில் கடைசியாக இருந்தது எதுவோ அது வெளியே வருகிறது. சாவியின் ஒரு துண்டாகவும் இருக்கலாம்.

நாங்கள் இதை அனுபவத்தில் கற்றோம். டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏயில் எஸ்எம்சி வரும்போது x0 முதல் x3 வரை சேமிக்காமல் இருந்தார்கள், எப்படியும் பதில் அங்கே எழுதப்படும் என்ற எண்ணத்தில். நான்கையும் நிரப்பாத அழைப்புகளில், முந்தைய அழைப்பாளர் ஒருவரின் மதிப்பு அடுத்தவருக்குப் போக வழி இருந்தது. சிவிஈ-2018-19440 என்று பதிவாகித் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே சிவிஈ-2017-15031: பிஎம்சிஆர்_ஈஎல்0 என்ற எண்ணிக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரைச் சேமித்து ஏற்றாததால், செக்யூர் உலகம் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை வெளியிலிருந்து சுழற்சி எண்ணிக்கையாக அளக்க முடிந்தது. உங்கள் பக்கம் எண்ணிகளை நிறுத்தும் எம்கவுன்டர்இன்ஹிபிட்டைப் பாருங்கள். சின்ன கர்னல் ஓடும்போது சுழற்சி எண்ணியும் கட்டளை எண்ணியும் ஓடிக்கொண்டிருந்தால், இயங்குதளம் முன்னும் பின்னும் படித்துக் கழித்துக்கொள்ளும்.

எத்தனை பதில் ரெஜிஸ்டர்கள் என்பதை ஒவ்வொரு அழைப்புக்கும் ஃபர்ம்வேரே அறிந்திருக்கட்டும். அவற்றை மட்டும் நகலெடுங்கள். மற்ற எல்லாம் அழைத்தவரின் சேமித்த மதிப்புக்கே திரும்ப வேண்டும்.

#15 நள்ளிரவுடிராப்

எல்ஆர் (முன்பதிவோடு படித்தல்), எஸ்சி (முன்பதிவு இருந்தால் மட்டும் எழுதுதல்) ஜோடியையும் மறக்காதீர்கள். ஒரு டொமைன் எல்ஆர் போட்டு முன்பதிவு வைத்திருக்கும்போது டைமர் டிராப்பில் நீங்கள் மாற்றிவிட்டால், அந்த முன்பதிவு உயிரோடு இருந்து பிறகு பொய்யாக வெற்றி பெறலாம். ஆர்ம்வி8-இல் ஈரெட் தானாகவே அதைத் துடைத்துவிடும், ரிஸ்க்-ஃபைவில் எம்ரெட் அதைச் செய்யும் என்று நம்பக் கூடாது. ஒரு வெற்றுச் சொல்லுக்கு எஸ்சி ஒன்று போட்டால் முன்பதிவு கலைந்துவிடும். ஒரே கட்டளைதான். இன்று ஈகாலில் மட்டும் மாறுவதால் இது கடிக்காது, இடைநிறுத்தும் அழைப்பு வந்த அன்றே கடிக்கும்.

#16 கடைநிலைநிரலர்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். மோதும் முகவரிகளோடு ஓடும் சோதனை இன்னும் விழவில்லை.

இப்போதைய வரிசையை எழுதுகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள். பொது ரெஜிஸ்டர்களை டிராப் நுழைவிலேயே சேமிக்கிறேன். ஃபர்ம்வேரிலேயே முடியும் அழைப்பு என்றால் அதோடு திரும்பிவிடுகிறேன். டொமைன் மாற வேண்டும் என்றால் எண்ணிகளை நிறுத்தி, எஸ்-மோட் ரெஜிஸ்டர்களையும் எஸ்டைம்கம்பையும் மாற்றி, எஃப்எஸ் டர்ட்டியாக இருந்தால் மிதப்புப்புள்ளியைச் சேமித்து, உள்ளே வருபவருக்குரியதை எப்போதும் ஏற்றுகிறேன். பிறகு எஸ்ஏடிபி, பிறகு பிஎம்பி, பிறகு முழு எஸ்ஃபென்ஸ், பிறகு வெற்று எஸ்சி, கடைசியில் எம்ரெட். இயங்குதளத்துக்குத் திரும்பும்போது எண்ணிகளை மறுபடி ஓடவிடுகிறேன். பதில் ரெஜிஸ்டர்களின் எண்ணிக்கைக்கு ஒரு அட்டவணை வைத்துவிட்டேன்.

பிட்_பார்வை சொன்னதைக் கேட்டு ஒரு சோதனைக் கர்னலும் எழுதினேன். வெளியேறும் முன் தன்னால் எழுத முடிந்த எல்லா ரெஜிஸ்டர்களிலும் ஒரு குறியீட்டு மதிப்பை நிரப்பிவிட்டுப் போகும். இயங்குதளப் பக்கம் அந்த மதிப்பு எங்காவது தென்படுகிறதா என்று தேடுகிறேன். முதல் ஓட்டத்திலேயே ஒன்று சிக்கியது: எஸ்கவுன்டர்என் (எண்ணிகளை யு-மோட் படிக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது). நான் கொடுத்த பட்டியலில் அது இல்லை, நீங்கள் யாரும் கேட்கவும் இல்லை. அதோடு யு-மோட் சூழலை அமைக்கும் எஸ்இஎன்விசிஎஃப்ஜி-யையும் சேர்த்துவிட்டேன்.

#17 மூன்றாம்படி

வரிசை சரியாக இருக்கிறது. சூழல் கட்டமைப்பு டொமைனுக்கு ஒன்றா, அல்லது டொமைனுக்கும் ஹார்ட்டுக்கும் சேர்த்து ஒன்றா? 4 ஹார்ட் என்று முதலில் சொன்னீர்கள்.

#18 கடைநிலைநிரலர்

டொமைனுக்கு ஒன்றுதான், ஒரு பூட்டோடு. ஒரு ஹார்ட் உள்ளே இருக்கும்போது இன்னொரு ஹார்ட் கேட்டால் "பிஸி" என்று பதில் போகும். ஆனால் இடைநிறுத்தும் அழைப்பு வந்தால், ஹார்ட் 0-இல் நிறுத்திய சூழலை ஹார்ட் 2 வந்து தொடரக் கேட்கலாம். சின்ன கர்னல் தன் ஹார்ட் எண்ணை எஸ்ஸ்க்ராட்ச் வழியாக ஒரு கட்டமைப்பில் வைத்திருக்கிறது, அது தவறாகிவிடும். அதனால் நிறுத்திய ஹார்ட்டிலேயே தொடர வேண்டும் என்று கட்டாயமாக்கப் போகிறேன். ஹார்ட்டுக்கு ஒரு சூழலாகப் பிரிப்பதை அதற்கு அடுத்துச் செய்கிறேன். முடிந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.